‘நானா இப்படி?’ என்று கேட்ட தோழிக்கு

திருவண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. படித்து முடித்ததும் போனைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல முடியாததால்தானே எழுதியிருக்கிறாய், அதற்கு எழுத்திலேயே பதில் சொல்வோம் என்று தோன்றியது. அவசரப்பட்டு எழுதவும் மனசு வரவில்லை. அதனால்தான் இந்தத் தாமதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். கத்திரி முடிந்தும் வெயில் குறையக் காணோம். மலைப்பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வெகுநேரம் வரை கக்கிக்கொண்டே இருக்கிறது. பௌர்ணமிக் கூட்டத்தில் கிரிவலம் போவதை விட்டுவிட்டேன். சாதாரண நாளில் விடிகாலையில் கிளம்பிப் பாதி தூரம், அதாவது அடி அண்ணாமலை வரை நடந்துவிட்டு, அங்கிருந்து ஆட்டோவில் திரும்பிவிடுவேன். மொத்தம் 14 கிலோமீட்டரையும் நடக்க முட்டி சம்மதிப்பதில்லை. சின்னவளுக்கு வேலூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, இனி வாரக் கடைசியில் வந்துபோவாள். ஹாஸ்டலில் நம் பக்கத்து அறையில் இருந்தாளே, அவள் பேத்திக்குக் காதுகுத்து. உன்னையும் விசாரித்தாள். அம்மா போன விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, நான்தான் சொன்னேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தச் சாயங்காலத்தை நீ எழுதியிருந்ததைப் படித்தபோது உன் வீட்டுக் கூடத்திலேயே நிற்பதுபோல இருந்தது. அப்பா காலமாகிப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. அம்மாவோ ‘உங்கப்பா வந்துட்டாரா?’ என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ ஊட்ட வந்த கஞ்சியைத் தட்டிவிட்டாள், புடவை, பாய் எல்லாம் கஞ்சி. ‘என்னை எப்பத்தான் விடுவே!’ என்று நீ கத்தினாய். டம்ளரைத் தரையில் அறைந்தாய். அம்மா மிரண்டுபோய், யாரோ வேற்று மனுஷியைப் பார்ப்பதுபோல உன்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

‘பரவாயில்லை, எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான்’ என்று நான் எழுத மாட்டேன். அதை ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள், உனக்கு ஒன்றும் ஆறவில்லை. அம்மா பயந்தாள். நடந்தது நடந்ததுதான். மறதி நோய் முற்றியவர்களுக்கு நடந்தது நினைவில் நிற்காது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதைப் பிடித்துக்கொண்டும் உனக்கு ஆறுதல் சொல்லப் போவதில்லை. அந்த நிமிஷத்தில் பட்ட பயம் அந்த நிமிஷத்தில் நிஜம். அதே சமயம், நடுராத்திரியில் எழுந்து வாசல் கதவைத் திறந்துகொண்டு போகிறவளைப் பிடித்துப் பிடித்து, வருஷக்கணக்கில் ஒரு முழுத் தூக்கம் கூட இல்லாமல் இருந்தவள் நீ என்பதும் நிஜம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அடித்துவிடக் கூடாது.

ஆனால் உன் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. கோபித்துக்கொள்ளாதே. முதல் பக்கத்தில் அம்மா இருக்கிறாள். அவள் கூப்பிய கை இருக்கிறது. அடுத்த பக்கத்திலிருந்து அம்மாவைக் காணோம். ‘நான் பாவி, நான் இருந்தென்ன, நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவேன், பூப்போலப் பார்த்துக்கொண்ட நானா இப்படி?’ பக்கம் பக்கமாக இதுதான். கடைசியில் அழுகிறாய். அது யாருக்காக என்று உன்னையே கேட்டுப் பார்.

அந்த ‘நானா இப்படி?’தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அம்மா பயந்ததற்கான வருத்தமாக மட்டும் இருந்தால் அந்தக் கேள்வி வராது. பெற்றவளைப் பூப்போலப் பார்த்துக்கொள்ளும் மகள் என்று ஊர் சொன்னது, சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நீயும் உள்ளுக்குள் நம்பினாய். அந்த உருவத்தின் மேல் அன்றைக்கு ஒரு அடி விழுந்தது. இப்போது வலிப்பதில் பாதி அந்த அடிதான். நேற்றுவரை ‘நான் நல்லவள்’ என்று நிமிர்ந்து நின்றதுதான் இன்றைக்கு ‘நான் பாவி’ என்று குனிந்து நிற்கிறது. குனிந்தால் அகங்காரம் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது எங்கும் போகவில்லை. பெருமை கிடைக்காத இடத்தில் சிறுமையைச் சாப்பிட்டுக்கொண்டு அதே தெம்போடு உட்கார்ந்திருக்கிறது.

நான் இங்கே வந்த பிறகு ரமணாசிரமத்தின் பழைய ஹாலில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தது ‘நான் யார்?’ என்ற சிறிய நூல். ரமணர் விரூபாட்ச குகையில் பேசாமல் இருந்த காலத்தில், 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய பதில்கள்தான் பிறகு அந்த நூலாயின. அதில் ஓரிடம் உனக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. ஒருவன் எவ்வளவு பாவியாக இருந்தாலும், ‘நான் பாவியாயிருக்கிறேனே, எப்படிக் கடைத்தேறப் போகிறேன்’ என்று ஏங்கி அழுதுகொண்டிருக்க வேண்டாம், தான் பாவி என்னும் எண்ணத்தையும் அறவே ஒழித்துவிட்டுத் தன் சொரூபத்தில், அதாவது தன் உண்மை நிலையில், ஊக்கமாக இருந்தால் நிச்சயம் உருப்படுவான் என்கிறார். பாவத்தை விடு என்று சொல்ல ஊருக்கு நூறு பேர் உண்டு. ‘நான் பாவி’ என்ற எண்ணத்தையும் விடு என்று இவர் சொல்கிறார். நல்ல மனம், கெட்ட மனம் என்று இரண்டு மனங்கள் கிடையாது, மனம் ஒன்றுதான், வாசனைகள், அதாவது மனசில் படிந்த பழைய பதிவுகள்தான், இரண்டு விதம் என்றும் அதே நூலில் இருக்கிறது. நீயோ உனக்குள்ளே ஒரு கெட்ட மகளைக் கண்டுபிடித்து, ஒரு நல்ல மகளை நீதிபதியாக உட்கார வைத்து, ராத்திரி பகலாக விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறாய்.

உடனே நீ கேட்பாய், எனக்குத் தெரியும். ‘அப்படியானால் செய்ததையெல்லாம் செய்துவிட்டு, நான் செய்யவில்லை, எல்லாம் அவன் செயல் என்று கையைத் துடைத்துக்கொள்ளலாமா?’ கூடாது. அப்படிப் பேசுகிறவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்துவிட்டேன், அவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ரமணர் வீட்டைவிட்டுக் கிளம்பிய கதையையே எடுத்துக்கொள்.

அது உங்கள் மதுரையில் நடந்தது. தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் அந்த வீடு இன்னும் இருக்கிறது, ரமண மந்திரம் என்று வைத்திருக்கிறார்கள். 1896 ஆகஸ்ட் 29. அவருக்குப் பதினாறு வயது. அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட ஐந்து ரூபாய் கொடுத்தார்கள். திருவண்ணாமலை போக மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டு, அதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டுக் கிளம்பினார். சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று அந்தச் சீட்டிலேயே எழுதியிருக்கிறார். யாரும் விசனப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். ‘நான்’ என்று தொடங்கிய அந்தச் சீட்டு, நடுவில் தன்னை ‘இது’ என்று சொல்ல ஆரம்பித்து, கடைசியில் ‘இப்படிக்கு’ என்பதற்குப் பின் பெயரில்லாமல் ஒரு கோட்டோடு முடிந்துவிடுகிறது. அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்வா என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

அண்ணன் பணத்தை எடுத்துவிட்டேனே, அம்மாவை விட்டுவிட்டுப் போகிறேனே என்று தன்னைத் திட்டிக்கொள்ளும் வரி ஒன்றுகூட அதில் இல்லை. அதற்காகக் கணக்கை மறைக்கவும் இல்லை. எடுத்தது எவ்வளவு, இருப்பது எவ்வளவு, கட்ட வேண்டியது என்ன என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. செயலுக்குக் கணக்கு உண்டு, செய்தவன் என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள மட்டும் ஆள் இல்லை. நம்மில் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறோம். நெஞ்சில் அடித்துக்கொள்வது நிறைய, கணக்கைத் தீர்ப்பது கொஞ்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1898 டிசம்பரில் அம்மா அழகம்மாள் பெரிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, பவழக்குன்றில் அழுதாள், கெஞ்சினாள். அவர் வாயே திறக்கவில்லை. அவரவர் பிராரப்தப்படிதான், அதாவது முன்வினைப்படிதான், நடக்கும் என்று எழுதிக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். இதை மட்டும் கேட்டால் கல் மனசு என்று தோன்றும். அதே அம்மா 1916-இல் வந்து அவரோடேயே தங்கினாள். 1922 மே 19-ஆம் தேதி அவள் உயிர் பிரிந்த நாளில், கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணி நேரம், ஒரு கையை அவள் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவளை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இந்த ஆசிரமமே வளர்ந்தது. விட்டுவிட்டுப் போன குற்ற உணர்ச்சிக்கு ஈடாக அந்தக் கையை வைத்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பழைய பாக்கி எதுவும் மனசில் இல்லாததால்தான் முழுசாக அங்கே உட்கார முடிந்தது என்றுதான் நினைக்கிறேன். உறுத்தல் போனால் பாசமும் போய்விடும் என்று நீ பயப்படுகிறாய், இல்லையா? அழுவதை நிறுத்தினால் அம்மாவுக்குத் துரோகம் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்.

நம் சைவப் பெரியவர்கள் பலரும் தங்களைப் பாவி, நாய் என்றுதானே பாடினார்கள், அதுவும் அகங்காரமா என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. ரெண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹாஸ்டலில் தினமும் சாயங்காலம் சொல்வோமே, சிவபுராணம். ‘நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு’ என்று ஒரு வரி. அங்கே மூச்சு விடக்கூட இடமில்லாமல் அடுத்த வரி, ‘தாயிற் சிறந்த தயாவான தத்துவனே’. வாக்கியம் முடிகிற இடத்தில் நாயைக் காணோம், தாய்தான் நிற்கிறாள். மாணிக்கவாசகர் தன் கீழ்மையில் தங்கவே இல்லை, அதன் வழியாக ஓடிப்போய் அங்கே விழுகிறார். நீ முதல் வரியை மட்டும் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

அப்பர் கதை இன்னும் நெருக்கமானது. சமண சமயத்தில் பல காலம் இருந்துவிட்டுச் சூலை நோயோடு திருவதிகைக்கு அக்கா திலகவதியாரிடம் வருகிறார். முதல் பதிகத்தில் முதல் பாட்டிலேயே ‘கொடுமை பல செய்தன நான் அறியேன்’ என்று ஒப்புக்கொண்டுவிடுகிறார். ஒப்புக்கொண்ட கையோடு, இரவும் பகலும் பிரியாது வணங்குவேன் என்று அடுத்த அடிக்குப் போய்விடுகிறார். (அவர் விட்டுவந்த சமயத்தைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. அவர் மனசு எப்படி நகர்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.) அவருக்கும் உறுத்தல் ஒரேயடியாகப் போய்விடவில்லை. பழைய சமயத்தின் தொடர்பு பட்ட இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று பெண்ணாகடத்தில், தூங்கானைமாடத்தில் நின்று கேட்கிறார். சூலக்குறியும் இடபக்குறியும் தன் மேல் பொறிக்கப்பட வேண்டும் என்று விண்ணப்பம் வைக்கிறார். கிடைத்தது. அப்புறம்? உழவாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கினார். ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று பாடியவர் அவர்தான். அந்த உறுத்தல் எங்கே போனது என்று தேடினால், அது கைக்கு வந்து புல் செதுக்கிக்கொண்டிருக்கிறது.

சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பு என்று ஒரு நிலை சொல்வார்கள். கல்லூரியில் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம், அர்த்தம் இப்போதுதான் கொஞ்சம் தட்டுப்படுகிறது. நல்வினையும் தீவினையும் ஒன்றேதான் என்று அது சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் உலகம் தாங்காது. நல்லதைச் செய்ததில் மிதப்பு, கெட்டதைச் செய்ததில் மறுகல், இந்த இரண்டிலும் ஒட்டாமல் மனம் சமமாக நிற்பதைச் சொல்கிறது. உன் கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன. ‘இத்தனை வருஷம் நான் ஒருத்திதான் பார்த்தேன், தம்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை’ என்பது ஒரு பக்கம். ‘ஒரு நாள் கத்தினேனே’ என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதை மட்டும் விட ஆசைப்படுகிறாய். முதலாவதை இறுக்கிப் பிடித்திருக்கும் வரை இரண்டாவது போகாது என்று எனக்குத் தோன்றுகிறது. பார்த்துக்கொண்டதையும் உன் கணக்கிலிருந்து எடுத்துவிடு. அம்மாவுக்கு ஒரு கை தேவைப்பட்டது, அந்தச் சமயத்தில் உன் கை அங்கே இருந்தது, அவ்வளவுதான் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார். தம்பி மேல் உள்ள கோபம்கூட அதில் கொஞ்சம் இறங்கும்.

ஆணவத்தைச் செம்பில் களிம்புபோல என்பார்கள். களிம்பு இடையில் வந்து ஒட்டியது இல்லை, செம்பு தோன்றியபோதே அதோடு இருப்பது. செம்பைத் திட்டினால் களிம்பு போகுமா? நீ உன்னைத் திட்டிக்கொள்வதும் அப்படித்தான். திட்டத் திட்ட, திட்டுகிற ஆள் பெரிசாகிக்கொண்டே போகிறாள்.

இப்போது நான் எழுத வந்த முக்கியமான விஷயம். உன் கடிதத்தில் ஓரமாக ஒரு வரி இருந்தது: வீட்டோடு இருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண்ணையும் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாய், மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா போய்விட்டாள், அவளிடம் இனி நீ செய்யக்கூடியது குறைவு. அந்தப் பெண் இருக்கிறாள், மதுரையிலேயே இருக்கிறாள். மாதம் பாதியில் நின்றவளுக்கு அந்தப் பாதி மாதச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா? அம்மாவுக்குத் தலை வாரி, துணி மாற்றி, ராத்திரி உன்னோடு முறை வைத்து விழித்தவள் அவள். உன் அழுகையில் அவளுக்கு ஏன் இடமே இல்லை? நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் வருத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர் தெரிய மாட்டார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ராமேஸ்வரத்தில் தில ஹோமம் செய்யச் சொல்லி ஜோசியர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். செய், மனசுக்கு நல்லது. அதற்கு முன்னால் அந்தப் பெண்ணைத் தேடிப் போ. போனில் பேசிவிட்டு ஆன்லைனில் பணம் அனுப்பிவிடாதே, நேரில் போ. சம்பளப் பாக்கியைக் கையில் கொடு, ‘அன்றைக்கு நான் பேசியது தப்பு’ என்று சொல். நீ பட்ட கஷ்டம், தூக்கமில்லாதது, இப்போது படும் வேதனை, இதையெல்லாம் அவளிடம் அவிழ்த்துக் கொட்டாதே. கொட்டினால் அவள் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும், போன காரியம் கெட்டுவிடும். அவள் மன்னிக்காவிட்டாலும் கேட்டுக்கொண்டு வா. ‘இவ்வளவு தூரம் வந்தும் மன்னிக்கவில்லையே’ என்று ஒரு குரல் வழியில் கிளம்பினால் அது யாருடையது என்று உனக்கே தெரிந்துவிடும்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அவள் படத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, வாய்விட்டுச் சொல்லிவிடு. தினமும் சொல்லாதே.

அதற்குப் பிறகும் ராத்திரியில் அந்தக் கூப்பிய கை வரும். வரட்டும், விரட்டாதே. அம்மாவின் பயம் உன் மனசில் படுகிறதா, அதோடு கொஞ்ச நேரம் இரு. அது அன்புதான். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ‘ஐயோ, நான்’ என்று ஆரம்பிக்கும் பார், அந்த இடத்தில் மட்டும் ‘இது யாருக்கு?’ என்று கேள். ரமணர் சொன்ன ஆத்ம விசாரம், அதாவது தன்னையே ஆராய்வது, அதுதான். பதில் சொல்லிக்கொள்ள வேண்டாம், அந்த ‘நான்’ எங்கேயிருந்து கிளம்புகிறது என்று திரும்பிப் பார்த்தால் போதும். முதலில் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். திருடனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அது சட்டென்று நின்றுவிடுவதும் உண்டு. நிற்காவிட்டால் மறுபடி கேள். தூக்கமே வராமல், சாப்பாடே இறங்காமல் இன்னும் நாள் போனால், தாமதிக்காமல் மனநல டாக்டரையும் பார். ஆன்மிகம் பேசுகிறவள் இதைச் சொல்கிறாளே என்று நினைக்காதே. உடம்பு களைத்துப்போன இடத்தில் விசாரம் ஓடாது.

தம்பிக்கு நான் எதுவும் எழுதவில்லை, நீ சொல்லாமல் எழுதவும் மாட்டேன்.

ஆடி பிறப்பதற்குள் ஒரு வாரம் இங்கே வந்துவிட்டுப் போயேன். மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் காபிக்கு இங்கே இருப்பாய். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, சின்னவளுக்கும் உன்னைப் பார்த்தால் சந்தோஷம். அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வா, அதற்கு முன் வராதே. வரும்போது கீழமாசி வீதியில் நல்ல சுண்டைவற்றல் கிடைத்தால் கால் கிலோ வாங்கி வா. இங்கே கிடைப்பதில் உப்புதான் தூக்கலாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய தோழி